கார்த்திகை பதினெட்டின் குணம்

கார்த்திகை பதினெட்டு என்று யார் சொன்னாலும் என் கண் முதலில் வானத்துக்குத்தான் போகும். கல்யாணப் பத்திரிகையில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டால் ஒரு வாரம் முன்பே குடையைத் தேடி எடுத்து வைத்துவிடுவேன். இத்தனை வருடத்தில் அந்தத் தேதியில் பெரிய மழை எதுவும் பெய்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் நம்புவதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, அந்த ஒரு தேதி எங்கள் வீட்டையும் செஞ்சிக் கடைத்தெருவையும் படுத்திய பாடு அப்படி.

முதலில் நைனாவின், அதாவது என் அப்பாவின், கம்பிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நைனாவுக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி. வெளியூரில் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். சிங்கவரம், வல்லம் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கும். அதை வாங்கிப் பின்பக்கத்துக் களத்தில் காயப்போட்டு, மூட்டை பிடித்துத் திண்டிவனத்தில் இருந்த ஓர் எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார். காய்கிற சமயத்தில் ஒரு மழை அடித்தால் போதும், காய் கறுத்துவிடும். கறுத்த காயை மில்லில் தொட மாட்டார்கள். அதனால் நைனா கழுத்து எப்போதும் அண்ணாந்தே இருக்கும். சாப்பிடும்போதுகூட நடுநடுவே கையை உதறிவிட்டு வெளியே போய் மேலே பார்த்துவிட்டு வருவார்.

மற்ற கடைகளில் நாள்காட்டித் தாளைக் கிழித்தால் அதில் பொட்டுக்கடலை மடிப்பார்கள், இல்லாவிட்டால் காது குடைவார்கள். எங்கள் கடையில் அந்தத் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார்கள். மண்டிகளில் சீட்டு குத்துவதற்கு உத்தரத்திலிருந்து தொங்குமே, அந்தக் கம்பிதான். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கம்பிகள் வரிசையாகத் தொங்கும். இதில் ஒரு விசேஷம், வருடவாரியாகக் குத்துவதில்லை, தேதிவாரியாகக் குத்துவது. ஐப்பசி ஆறு என்றால் இத்தனை வருடத்து ஐப்பசி ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். புதிதாக ஒரு தாளைக் குத்த வேண்டுமானால் மேலே இருப்பதை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, குத்திய பிறகு திரும்பவும் ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை நைனாவுக்கு வேறு எந்த விஷயத்திலும் கிடையாது.

"மனுசனுக்குப் பழக்கம் இருக்குற மாதிரி தேதிக்கும் பழக்கம் இருக்குது. நாம பாக்குறது இல்ல, அவ்ளோதான்" என்பார்.

சிரிப்பவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் விதைக்கவோ பிடுங்கவோ வீட்டுக்கு ஓடு மாற்றவோ வேண்டும் என்றால் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

"ஐப்பசி ஆறு எப்படிங்க?"

"ஆறா? அது அழுமூஞ்சி. ஏழு தேவலாம். ஒன்பது நல்ல புள்ள."

தேதிகளுக்கு எல்லாம் இப்படிக் குணம் இருந்தது. நான் அவற்றைச் சொந்தக்காரர்கள் மாதிரியே நினைத்தேன். ஆடி பதினொன்று வந்தால் எனக்குப் பிடிக்காது, ஒரே புழுதிக்காற்று. தை இருபது அமைதியானது, பேசாமல் வந்துவிட்டுப் போகும்.

நைனா சொல்லச் சொல்லத் தாளில் எழுதுவது அத்தை. அத்தை என்றால் நைனாவின் ஒரே தங்கை. அம்மா அப்பா இல்லாமல் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பதினோராவது வரை படித்து முடித்தவள். எங்கள் தெருவில் அதுவரை படித்த பெண் அவள் ஒருத்திதான். எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாக வருமே, அந்தப் பென்சிலால்தான் கடையில் எல்லாமே எழுதுவார்கள். அதனால் அத்தையின் நாக்கு நுனி எப்போதும் ஊதா. நைனாவுக்குக் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டுகிற பழக்கம். அதனால் அவர் கட்டைவிரலும் எப்போதும் ஊதா. அவரவர் செய்கிற வேலை அவரவர் உடம்பிலேயே எழுதியிருக்கும்.

அத்தையிடம் ஒரு பேனாவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்தது. அதையும் ஒரு மைக்கூட்டையும் டிரங்குப் பெட்டியின் அடியில் புடவைக்குள் சுற்றி வைத்திருந்தாள். டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு மட்டும் எடுப்பாள். "இதுவரைக்கும் ரெண்டு எழுதியாச்சி. கவுர்மெண்டுக்கு இவ கையெழுத்தைப் பாத்து ரசிக்கத்தான் நேரம் இருக்குது" என்று அம்மா சொல்வாள்.

இனி என்னைப் பற்றி. எனக்குப் பயம்தான் தொழில். செஞ்சியில் பிறந்தவர்கள் யாரும் மலையை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், அது பாட்டுக்கு இருக்கும். நான் மட்டும் பார்ப்பேன். பாறைமேல் பாறையாக அடுக்கி வைத்தது மாதிரி இருக்கிற அந்த மலைகளில் ஒரு பாறை நழுவினால் நேராக எங்கள் வீட்டு அடுக்களைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். இதை எல்லாருக்கும் சொல்லியும் வைத்திருந்தேன். பயத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. யாரிடமாவது சொன்னால் பாதி குறையும் என்று சொல்வேன். கேட்டவரிடம் பாதி போகும், என்னுடையது முழுசாக அப்படியே இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி பிறந்த கையோடு திண்டிவனம் மில்காரர் அத்தையைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். மில்காரருக்கு நாற்பதை ஒட்டிய வயது. மனைவி இறந்து ஆறு மாதம். இரண்டு பிள்ளைகள். நைனாவின் பத்து மூட்டையில் ஒன்பது மூட்டை அவர் மில்லுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நைனா யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்க வேண்டும். வந்தவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் நைனா வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டார். ஜோசியர் கார்த்திகையில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் தேறும் என்றார். பதினெட்டு.

அத்தையை யாரும் கேட்கவில்லை.

"வயசு கொஞ்சம் ஆயிருந்தா இன்னா? மில்லு இருக்குது, காரு இருக்குது" என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைங்ககூட தயாரா இருக்குது. பெத்து வளக்குற வேலைகூட இல்ல" என்று சொல்லிவிட்டு, தானே சிரிக்க முயற்சி செய்து, சிரிப்பு வராமல் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

எனக்கு மில்காரரைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலை எல்லாம் பந்தல். கார்த்திகை மாதம், வெட்டவெளியில் பந்தல், நடுவில் அத்தை. மழை வந்தால் என்ன ஆவது? நாலு நாள் இதையே கேட்டுக்கொண்டு எல்லார் பின்னாலும் அலைந்தேன். ஐந்தாவது நாள் அத்தை கம்பிகளை எல்லாம் இறக்கித் தூசி தட்டினாள். நாள் முழுக்கத் தட்டினாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பழைய பல்லவியைத் தொடங்கியதும், அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"என்னை ஏண்டி கேக்குற? தேதியைப் போயிக் கேளு. கம்பி அங்கதானே தொங்குது."

அதுவரை எனக்குத் தோன்றாததுதான் ஆச்சரியம். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கார்த்திகைக் கம்பியை இறக்கினேன். மேலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பதினெட்டுக்கு வந்தேன். ஐந்து வருடத்துத் தாள்கள் இருந்தன. பழையதிலிருந்து வரிசையாகப் படித்தேன்.

முதல் தாளில் ஊதாவில், "வெயில். காய் நன்றாகக் காய்ந்தது" என்று இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அதற்குக் கீழே நீல மையில் இன்னொரு வரி இருந்தது: "ஆனால் நான்கு மணிக்கு ஆலங்கட்டி. எலுமிச்சம்பழ அளவு."

இரண்டாவது தாளில் ஊதாவில் "காலையில் பனி. பிறகு வெயில்." கீழே நீலத்தில், "ஆனால் நான்கு மணிக்கு ராஜகிரி மலை உச்சியில் இடி விழுந்தது. இரண்டு ஆடுகள் போயின."

மூன்றாவது: "வெயில்." நீலத்தில், "ஆனால் நான்கு மணிக்குச் சூறைக்காற்று. சந்தைக் கொட்டகைகளின் கூரை பறந்தது."

நான்காவது: "லேசான மூட்டம்." நீலத்தில், "ஆனால் நான்கு மணிக்கு வானம் இருட்டிக் கொட்டியது. ஒரு கல்யாணப் பந்தல் சாய்ந்தது. பெண்ணுக்குத் தலையில் காயம்."

ஐந்தாவது, போன வருடத்தது. அதில் வெறும் "வெயில்" மட்டும்தான். போன வருடம் சும்மா இருந்திருக்கிறது என்றால் இந்த வருடம் சேர்த்துக் கொடுக்கப்போகிறது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நீல மையை நான் கவனிக்காமல் இல்லை. கம்பி முழுவதும் ஊதாவாக இருக்க இந்த ஒரு தேதியில் மட்டும் ஏன் நீலம் என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் தப்புக்குச் சிவப்பு மை போடுவார்கள், அதுபோல ஆபத்துக்கு நீல மை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். மூளையில்லாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காரணம் கண்டுபிடிக்காமல் நான் எதையும் விட்டதில்லை.

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அழுமூஞ்சித் தேதி தெரியும், முன்கோபித் தேதி தெரியும். இப்படிக் காலையெல்லாம் நல்லவனாக நடித்துவிட்டு நான்கு மணிக்குக் கழுத்தை அறுக்கிற தேதியை நான் கண்டதில்லை. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பொத்தினாள்.

"யாருகிட்டயும் சொல்லாதடி."

"அம்மாகிட்ட?"

"சொல்லாத. முக்கியமா, பக்கத்துப் பாத்திரக்கடை மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத."

பாத்திரக்கடை மாமா எங்கள் பக்கத்துக் கடைக்காரர். அவர் காதில் விழுந்தது கோட்டை வாசல் வரைக்கும் போகும் என்பது ஊருக்கே தெரியும். சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நான் அவர் கடையில், குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். மாமா தட்டிக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"எலுமிச்சம்பழ சைஸா? அன்னைக்கு வெளிய வெச்சிருந்த எட்டு குண்டான் சொட்டையாயிடுச்சிம்மா. நான்தான் யாரோ கல்லுட்டு அடிச்சாங்கன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்!"

மறுநாள் காலை டீக்கடையில் அது பெரிய பேச்சாகிவிட்டது. எங்கள் கடைக்குப் பால் வாங்கப் போன நான் தூக்குப்பாத்திரத்தோடு நின்று கேட்டேன்.

"இடி உழுந்த வருசம்தான என் மாமியா செத்துச்சி?"

"அது சித்திரைல இல்ல?"

"சித்திரைல படுத்துச்சி. இடிச் சத்தத்துலதான் போச்சி."

"ஆடு ரெண்டு இல்லபா, மூணு. ஒண்ணு சினை. மேய்க்கிறவனை எனக்குத் தெரியும்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்து உச்சியில் இருந்த தழும்பைக் காட்டினார். "ஆலங்கட்டி" என்றார். எல்லாரும் எழுந்துவந்து தொட்டுப் பார்த்தார்கள்.

ஒருவர்கூட அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. கேட்கக் கேட்க எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஒரு வாரத்துக்குள் கார்த்திகை பதினெட்டு ஊர்த் தேதியாகிவிட்டது. சிங்கவரத்தில் ஒருவர் அன்றைக்கு வைத்திருந்த காதுகுத்தைத் தள்ளிப்போட்டார். வீட்டில் அம்மா பந்தல்காரனைக் கூப்பிட்டு, மூங்கிலை எவ்வளவு ஆழம் ஊன்றுவாய் என்று விசாரித்தாள். நைனா மட்டும் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு மூட்டை தைக்கப் போனார். அவர் கம்பியை எடுத்துப் பார்க்கவே இல்லை. தன் தேதியைப் பற்றி ஊரே பேசும்போது இவர் ஏன் பார்க்காமல் இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

கார்த்திகை பிறந்து நாலாவது நாள் கறுப்புக் கார் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. மில்காரரின் அண்ணன் இறங்கினார். வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் சோடா குடிக்க நிறுத்தியிருக்கிறார். சோடாக் கடையிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இன்னாங்க இது, தேதி சரியில்லன்னு உங்க ஊரே பேசுது? எங்க அந்த சீட்டு? காட்டுங்க பாக்கலாம்."

நைனா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கார்த்திகைக் கம்பியை இறக்கி மடியில் வைத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாக உருவினார். பதினெட்டு வந்தது. முதல் தாளைப் படித்தார். விரலைத் தொட்டு இரண்டாவதை எடுத்தார். மூன்றாவது, நான்காவது. பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

எப்போதும் ஊதாவாக இருக்கும் விரல் நீலமாக இருந்தது.

நைனா உள்கதவுப் பக்கம் திரும்பினார். கதவுக்குப் பின்னால் அத்தையின் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை. நைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். எனக்கு அப்போது இருந்த கவலை ஒன்றுதான். நைனா அன்றைக்குச் சலவை வேட்டி கட்டியிருந்தார். துடைத்துவிடப் போகிறாரே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துடைத்தார். நன்றாக அழுத்தி, விரல் வெளுக்கும் வரை துடைத்தார். அம்மா பேசப்போகிற பேச்சு அப்போதே என் காதில் கேட்டது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"ஆனால் நான்கு மணிக்கு ஆலங்கட்டி. தேங்காய் அளவு."

"எலுமிச்சம்பழம், நைனா" என்றேன்.

"நீ போய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இருந்தாலும் நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடுத்த தாளில் இரண்டு ஆடுகள் ஆறாயின. மேய்ப்பவனுக்கும் ஒரு கை போயிற்று. சந்தைக் கூரை வல்லம் வரைக்கும் பறந்தது. பந்தல் சாய்ந்த தாளை மட்டும் நைனா கூட்டாமல் குறைக்காமல் படித்தார். "பெண்ணுக்குத் தலையில் காயம்" என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

வந்தவர் வேட்டி முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பதினெட்டு வேணாம். வேற தேதி?"

"கார்த்திகைல வேற முகூர்த்தம் இல்லன்னுட்டாரு ஜோசியர். அப்பால மார்கழி வந்துடுது. தைலதான் பாக்கணும்."

"தை வரைக்கும் எங்கங்க காத்துனு இருக்குறது? ரெண்டு புள்ளைங்களுக்கும் யாரு சோறு வடிக்கிறது?"

கதவுக்குப் பின்னால் இருந்த புடவைத் தலைப்பு மட்டும் உள்ளே போயிற்று.

"நல்லா யோசனை பண்ணிச் சொல்லுங்க. மழைக்குப் பயந்துனு மல்லாட்டை யாவாரம் பண்ண முடியுமா?" என்றார் வந்தவர். அது கேள்வி மாதிரி இல்லை.

"மழைக்குப் பயந்துதாங்க இத்தனை வருசமா பண்ணிக்கினு வர்றேன்" என்றார் நைனா.

மில்காரர் தைக்குக் காத்திருக்கவில்லை. வேறு ஜோசியர் பதினொன்றாம் தேதியிலேயே ஒரு முகூர்த்தம் கண்டுபிடித்துக் கொடுக்க, பனமலைப் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எங்கள் கம்பியில் கார்த்திகை பதினொன்று தங்கமான தேதி, எல்லா வருடமும் வெயில். அதை நம்பி நைனா களம் முழுக்கக் காயைப் பரப்பியிருந்தார். அன்றைக்குத்தான் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. நாங்கள் எல்லாரும் சாக்கோடும் கூடையோடும் ஓடினோம். பாதிதான் அள்ள முடிந்தது. நனையாத பாதியையும் அந்த மில் வாங்கிக்கொள்ளவில்லை, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதன் பிறகு நைனா பண்ருட்டிக்கு அனுப்பத் தொடங்கி, அங்கே ஒரு பிடிமானம் கிடைக்க இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் குழம்பு தண்ணீராகத்தான் இருந்தது. அந்த நஷ்டத்தைப் பற்றி அவர் தேதிகளைத் திட்டினாரே தவிர, வேறு யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினெட்டும் வந்தது. கல்யாணம்தான் இல்லையே என்று நான் நிம்மதியாக இருக்கவில்லை. தேதி வந்துவிட்டதே. விடிந்ததிலிருந்து பளிச்சென்று வெயில். ஏமாறுவதற்கு நான் என்ன சின்னப் பிள்ளையா? மூன்று மணிக்கெல்லாம் பாத்திரக்கடை மாமா வெளியே தொங்கிய குண்டான்களை உள்ளே எடுத்து வைத்தார். மூன்றரைக்குத் தெருவில் மாடுகள்கூடக் குறைந்துவிட்டன. நான்கு மணி ஆனதும் கடைத்தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"அன்னிக்கும் இப்படித்தான், லேட்டாத்தான் வந்துச்சி" என்றார் தழும்பு வைத்திருந்தவர்.

நான் தலையில் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். அத்தை அங்கே வெயிலில் தலையை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"உள்ள வா அத்தை! மணி நாலாயிடுச்சி!"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குண்டானை ஒரு தட்டுத் தட்டினாள். டங் என்று காதுக்குள் கேட்டது. பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, குண்டானோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"நீ மட்டும் பயப்படலைன்னா நான் இன்னாடி பண்ணியிருப்பேன்?"

என் பயத்தை முதன்முதலாக ஒருவர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் வழக்கம்போல அத்தை தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நைனா வாசலில் நின்று ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு வந்தார்.

"எழுது பாப்பா. வெயில்."

அத்தை எழுதினாள்.

"அவ்ளோதான். கீழ 'ஆனால்'னு எதுவும் போட வேணாம்."

பென்சில் அப்படியே நின்றுவிட்டது. அத்தை தலையைத் தூக்கவில்லை. நைனா அதற்குள் கதவுப் பலகைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கிவிட்டார். நான் எட்டிப் பார்த்தபோது எழுத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்து ஊதா பரவிக்கொண்டிருந்தது. ஓடு ஒழுகுகிறதா என்று நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

அடுத்த வருடம் அத்தையின் மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. டிரெயினிங் முடித்து டீச்சரானாள். அவளுக்குப் பிறகு தாள் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் எனக்கு ஏழாவதோடு நின்றது. பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அத்தை வந்து நைனாவோடு சண்டை போட்டாள். நான்தான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பு ஜன்னலுக்கு நேரே மலை.

நைனா இறந்தபோது கம்பிகளை இறக்கினேன். கார்த்திகைக் கம்பியில் அந்தப் பதினெட்டாம் தேதித் தாள்கள் அப்படியே இருந்தன. நாலு வருடத்துத் தாள்கள், ஒரே நீலம், ஒரே மை, ஒரே நாளில் எழுதிய எழுத்து. இரண்டு ஓரங்களில் நைனாவின் கட்டைவிரல் ரேகை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இன்னொரு நாள் ஞாபகம் வந்தது.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் நிச்சயமானது. ஆவணி பன்னிரண்டு. என் கல்யாணத்தைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. ஊதாவில் எழுதினால் வெயில் என்றுதான் எழுத வேண்டும். கீழே எழுதுவதற்கும் கொஞ்சம் உண்டு, அது இங்கே வேண்டாம். அப்போது லீவு போட்டுவிட்டு வந்த அத்தை, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் களத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கைப்பையைத் திறந்து அந்தப் பழைய பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"ஆவணிக் கம்பியைப் பாத்தியாடி? பன்னண்டு எப்படி இருக்குது?"

மூன்று தடவை பார்த்திருந்தேன். "எல்லா வருசமும் வெயில்தான் அத்தை. தங்கமான தேதி."

"நல்லா யோசிச்சிச் சொல்லு. உனக்குக் கொஞ்சம்கூட பயமா இல்லியா?"

என்னைப் போய் யாராவது இப்படிக் கேட்பார்களா என்று சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது, அதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இல்ல அத்தை. ஒரு துளிகூட இல்ல."

அத்தை என் கன்னத்தில் கையை வைத்தாள். பிறகு பேனாவின் மூடியைத் திருகி மூடினாள். எழுதுவதற்கு ஏதோ இருக்கிறது, தாள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, உள்ளே போய் ஒன்று கிழித்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.